எஸ்எம்எஸ்ஸை அழித்தால் போனில் இடம் கிடைக்குமா?

அம்மாவின் போன் 32 ஜிபி ஆண்ட்ராய்டு. இன்பாக்ஸில் பல வருட மெசேஜ்கள் கிடக்கின்றன, பத்தாயிரத்தைத் தாண்டும். ‘ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது’ என்று போன் ஓயாமல் சொல்கிறது, இப்போது வங்கி ஓடிபிகூட வருவதில்லை. எல்லா எஸ்எம்எஸ்ஸையும் ஒரேயடியாக அழித்துவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அழிக்கலாம், தப்பில்லை. ஆனால் அதனால் மட்டும் இடம் கிடைக்காது. மெசேஜ் நிறைந்துபோனதால் போன் நிரம்பவில்லை. போன் நிரம்பிப்போனதால்தான் மெசேஜ் உள்ளே வர முடியாமல் வெளியே நிற்கிறது. இந்த வரிசை புரிந்துவிட்டால் எதை முதலில் செய்வது என்பதில் குழப்பம் வராது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு எஸ்எம்எஸ் நெட்வொர்க்கில் வரும்போது அதன் உள்ளடக்கத்துக்கு இருக்கும் இடம் 140 பைட்தான். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் வீதம் அதில் 160 எழுத்து அடங்கும். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும் என்பதால் 70 குறியோடு முடிந்துவிடும். அதிலும் ‘கி’, ‘கொ’ போன்றவை கணினிக்கு இரண்டு குறிகள். தமிழில் வரும் அரசு அறிவிப்பு எஸ்எம்எஸ் இரண்டு மூன்று துண்டுகளாக வந்து போனில் ஒட்டப்படுவது இதனால்தான். போனில் சேமிக்கும்போது அனுப்பியவர், தேதி, எந்த சிம், படித்தாயிற்றா இல்லையா என்ற விவரங்களும் சேரும். தாராளமாக ஒரு மெசேஜுக்கு ஒரு கேபி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் மெசேஜ் என்றால் 10 எம்பி. கூகுள் மெசேஜஸ் ஆப் வேகமாகத் தேடிக் கொடுப்பதற்காகத் தன் பங்குக்கு இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளும். எல்லாம் சேர்த்தாலும் சில பத்து எம்பிதான். குடும்ப குரூப்பில் வரும் காலை வணக்க வீடியோ ஏழெட்டு சேர்ந்தால் அந்த அளவு வந்துவிடும்.

அழித்த உடனே அந்தப் பத்து எம்பியாவது கைக்கு வருமா என்றால் அதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆண்ட்ராய்டில் எஸ்எம்எஸ் எல்லாம் எஸ்க்யூலைட் என்ற வகைத் தரவுத்தளக் கோப்பு ஒன்றுக்குள் இருக்கின்றன. ஒரு மெசேஜை அழித்தால் அது இருந்த பக்கம் ‘காலி’ என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். கோப்பு அப்போதே சுருங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. காலியான பக்கம் அடுத்து வரும் மெசேஜுக்குப் பயன்படும். ஆயிரக்கணக்கில் அழித்தும் ஸ்டோரேஜ் எண் அசையவே இல்லை என்று பலர் புலம்புவதற்கு இதுதான் காரணம்.

சரி, ஓடிபி ஏன் வரவில்லை? வழக்கமான ஆண்ட்ராய்டில் மொத்த இடத்தில் 5 சதவீதம் அல்லது 500 எம்பி, இரண்டில் எது குறைவோ அதற்குக் கீழே காலி இடம் போனால் எச்சரிக்கை வரும். அந்தக் கட்டத்திலும் எஸ்எம்எஸ் வந்துகொண்டுதான் இருக்கும். எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு நாள் கடத்தி, இடம் கிட்டத்தட்ட சைபருக்குப் போகும்போதுதான் சிக்கல். அப்போது போன் வருகிற மெசேஜை ஏற்காமல் ‘என்னிடம் இடமில்லை’ என்று நெட்வொர்க்குக்குத் திருப்பிச் சொல்லிவிடும். நெட்வொர்க் அந்த மெசேஜைத் தன்னுடைய எஸ்எம்எஸ் மையத்தில் நிறுத்திவைக்கும், இந்த எண்ணுக்குரிய போனில் இடமில்லை என்று ஒரு குறிப்பும் போட்டுக்கொள்ளும். நீங்கள் இடத்தை விடுவித்ததும் ‘இப்போது அனுப்பலாம்’ என்று போனே தகவல் கொடுக்கும். நிறுத்திவைத்ததில் கெடு தாண்டாதவை எல்லாம் வரிசையாக வந்து இறங்கும்.

இதில் ஒரு விஷயத்தை அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். இடம் காலி செய்த சில நிமிடங்களில் பழைய ஓடிபிகள், ‘உங்கள் கணக்கில் பற்று’ மெசேஜ்கள் என்று சடசடவென்று வரக்கூடும். கணக்கில் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று பதறிப்போய், அந்த நேரம் பார்த்து வருகிற ஏதோ ஒரு போலி அழைப்புக்குப் பதில் சொல்லிவிடப் போகிறார். வங்கி மெசேஜுக்குள்ளேயே பரிவர்த்தனையின் தேதி இருக்கும். அதைப் பார்த்தால் பழையதா புதியதா என்று தெரிந்துவிடும்.

ஆகவே முதல் வேலை எஸ்எம்எஸ் இல்லை. எங்கிருந்தாவது ஒரு ஜிபி விடுவியுங்கள். 32 ஜிபி போனில் ஆண்ட்ராய்டும் கூடவே வந்த ஆப்களும் ஏற்கெனவே பெரும்பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். மிச்சத்தைத் தின்பது பெரும்பாலான வீடுகளில் வாட்ஸ்அப்தான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, அதற்குள் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ போனால் 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாகவும், பலமுறை ஃபார்வர்டு ஆனவை தனியாகவும் இருக்கும். பலமுறை ஃபார்வர்டு ஆனதை அப்படியே மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கலாம், அதில் குடும்பப் படம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பலர் கவனிக்காத ஒன்று வாட்ஸ்அப்பின் ‘டேட்டாபேஸஸ்’ ஃபோல்டர். உரையாடல்களின் உள்ளூர் பேக்கப் கடந்த ஏழு நாள் வரைக்கும் தேதி போட்டு அதில் தனித்தனிக் கோப்பாகக் கிடக்கும். குரூப்கள் அதிகம் உள்ள போனில் ஒவ்வொன்றும் சில நூறு எம்பி வரும். கூகுள் டிரைவில் பேக்கப் ஓடிக்கொண்டிருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, தேதி போட்ட பழைய கோப்புகளை மட்டும் அழியுங்கள், தேதி இல்லாத கோப்பைத் தொட வேண்டாம். அப்புறம் கேலரியின் குப்பைத்தொட்டி. படத்தை அழித்தாலும் அது 30 நாளோ 60 நாளோ அங்கேதான் இருக்கும், அதையும் காலி செய்தால்தான் இடம் திரும்பும்.

இதை முடித்துவிட்டு ஓடிபி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அவசரம் தீர்ந்தது, எஸ்எம்எஸ் பக்கம் நிதானமாகப் போகலாம்.

எஸ்எம்எஸ்ஸால் இடம் கிடைக்காது என்றால் எதற்கு அதைத் துப்புரவு செய்ய வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. பத்தாயிரத்துக்கு நடுவே வேண்டிய மெசேஜ் கண்ணில் படாது. கேஸ் சிலிண்டர் டெலிவரி ஆளிடம் சொல்ல வேண்டிய எண்ணைத் தேடி அம்மா வாசலில் நின்று தவிப்பார். அதோடு, ‘இன்று இரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்ற ரகப் போலி மெசேஜ்கள் இன்பாக்ஸில் கிடந்தால் என்றாவது ஒருநாள் அதில் விரல் பட்டுவிடும்.

அழிக்கும்போது முதலில் எரிச்சலூட்டுவது ஒரே நிறுவனம் பல உரையாடல்களாகப் பிரிந்து கிடப்பது. நம் நாட்டில் வணிக மெசேஜ் அனுப்புபவரின் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து இருக்கும். எந்த டெலிகாம் நிறுவனம், எந்த வட்டம் (அதாவது சேவைப் பகுதி) வழியாக வந்தது என்பதை அது குறிக்கும். ஒரே வங்கியின் மெசேஜ் வேறு வேறு வழியாக வரும்போது முன்னெழுத்து மாறும், போன் அதை வேறு ஆள் என்று நினைத்துத் தனி உரையாடல் திறந்துவிடும். எனவே ஒன்றை அழித்துவிட்டு ‘எங்கே திரும்பவும் இருக்கிறதே’ என்று குழம்ப வேண்டாம், அது அதன் தம்பி.

2025-இல் இருந்து பெயரின் பின்னாலும் ஒரு எழுத்து சேர்ந்திருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த திருத்தம் இது. ஹைஃபனுக்குப் பிறகு ‘பி’ (P) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் விளம்பரம், ‘எஸ்’ (S) என்றால் சேவை, ‘டி’ (T) என்றால் பரிவர்த்தனை, ‘ஜி’ (G) என்றால் அரசு. ‘பி’ போட்டதைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம். மற்ற மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பழைய மெசேஜ்களில் இந்தப் பின்னெழுத்து இருக்காது, அங்கே அனுப்பியவர் பெயரைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கூகுள் மெசேஜஸில் ஒரு உரையாடலை அழுத்திப் பிடித்தால் தேர்வாகும், பிறகு மற்றவற்றைத் தட்டிக்கொண்டே போய்க் குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டால் மொத்தமாகப் போய்விடும். பக்கவாட்டில் தள்ளுவதை மட்டும் நம்பாதீர்கள். அதைப் பலர் அழிப்பது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வழக்கமான அமைப்பில் அப்படித் தள்ளினால் மெசேஜ் ‘ஆர்க்கைவ்டு’ பகுதிக்குப் போகும், போனை விட்டுப் போகாது. அந்தப் பகுதியைத் திறந்து பாருங்கள், அம்மா இத்தனை நாள் ‘அழித்த’தெல்லாம் அங்கே பத்திரமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ‘ஸ்பாம் அண்ட் பிளாக்டு’ பகுதியும் அதே கதைதான். சாம்சங்கின் சொந்த மெசேஜ் ஆப்பிலோ அழித்தவை முதலில் குப்பைத்தொட்டிக்குப் போய் 30 நாள் கழித்துத்தான் மறையும்.

யாராவது குறுக்குவழி சொல்கிறேன் என்று செட்டிங்ஸில் ‘போன் அண்ட் மெசேஜிங் ஸ்டோரேஜ்’ என்ற சிஸ்டம் ஆப்புக்குப் போய் ‘கிளியர் டேட்டா’ கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அம்மாவின் எல்லா எஸ்எம்எஸ்ஸும் இருக்கும் கோப்பு அதற்குள்தான் இருக்கிறது. ஒரு தட்டில் மொத்தமும் போய்விடும், ‘நிச்சயமா’ என்று கேட்கும் ஒரு வரி எச்சரிக்கையைத் தவிர வேறு தடுப்பு கிடையாது. ‘கிளியர் கேஷ்’ தாராளமாகக் கொடுக்கலாம், அதனால் மெசேஜ் எதுவும் போகாது.

எதை வைத்துக்கொள்வது என்பதுதான் நிஜமாக யோசிக்க வேண்டிய இடம். ஓடிபிகள் முழுக்கப் போகலாம். ரீசார்ஜ் முடியப்போகிறது, ஆடித் தள்ளுபடி, முன் அனுமதி பெற்ற கடன் என்பவையும் போகலாம். வங்கிக் கணக்கில் பற்று வைத்த மெசேஜ்களில் சமீபத்தியதை விட்டுவையுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறு இல்லாமல் மூன்றாம் ஆள் மூலம் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டம் இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரைக்கும் பொறுப்பேற்க வேண்டும். நாள் எண்ணத் தொடங்குவது வங்கியின் தகவல் வந்ததில் இருந்து என்பதால் அந்த எஸ்எம்எஸ்தான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம். பணம் போனது தெரிந்தால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே சொல்லிவிட்டு, மெசேஜைத் தொடாமல் அப்படியே வையுங்கள். வழக்கு வரை போனால் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நீட்டுவது பலவீனமானது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. மூல மெசேஜ் போனிலேயே இருப்பது எப்போதும் நல்லது.

அதே வரிசையில் கடன் முடித்ததற்கான மெசேஜ், இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டியது, வைப்பு நிதி எண், பத்திரப் பதிவு தொடர்பானவை, ஏதாவது புகாருக்கு வந்த பதிவு எண், யாராவது மிரட்டியோ தொல்லை கொடுத்தோ அனுப்பியது ஆகியவற்றையும் வையுங்கள். சொந்தக்காரர்கள் அனுப்பியதை அம்மாவைக் கேட்காமல் தொடாதீர்கள். 2011-இல் டிராய் ஒரு சிம்முக்கு நாளைக்கு 100 எஸ்எம்எஸ் என்று வரம்பு வைத்தது, பிறகு அதை 200 ஆக்கியது. பொங்கல், தீபாவளி அன்று எஸ்எம்எஸ் பேக் செல்லாது என்று முந்தின நாளே வாழ்த்து அனுப்பிய காலம் அது. அந்தக் காலத்து மெசேஜ் போனுக்குப் போன் மாறி இன்னும் இருந்தால், நமக்குக் குப்பையாகத் தெரிவது அவருக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம்.

அழிப்பதற்கு முன்னால் ஒரு பிரதி எடுத்துவிட்டால் இந்தக் கவலையே வேண்டாம். ஆண்ட்ராய்டின் கூகுள் பேக்கப்பில் எஸ்எம்எஸ்ஸும் சேரும். ஆனால் அது புதுப் போனில் திரும்ப இறக்குவதற்கானது, திறந்து படிக்க முடியாது. மேலும், போனில் அழித்துவிட்டால் அடுத்த பேக்கப்பில் அவை இருக்காது. படிக்கக்கூடிய பிரதி வேண்டும் என்றால் ‘எஸ்எம்எஸ் பேக்கப் அண்ட் ரீஸ்டோர்’ என்ற ஆப் எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்துக் கொடுக்கும். அதைக் கணினியில் போட்டு வைத்துவிடுங்கள். பத்தாயிரம் மெசேஜ் எழுத்து மட்டும் என்றால் கோப்பு சின்னதாகத்தான் இருக்கும். வேலை முடிந்ததும் அந்த ஆப்பை நீக்கிவிடுவது நல்லது.

‘ஒரே தட்டில் துப்புரவு’ என்று விளம்பரம் செய்யும் கிளீனர் ஆப்களைப் பற்றி என் அபிப்பிராயம் கடுமையானது. 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 முதல் எஸ்எம்எஸ்ஸை அழிக்க வேண்டும் என்றால் அந்த ஆப் போனின் முதன்மை மெசேஜ் ஆப்பாக இருந்தாக வேண்டும். அதாவது உங்கள் ஓடிபிகள் அனைத்தும் அதன் கண்முன்னே போகும். அனுமதியைக் கண்டபடி கேட்டு மெசேஜ்களை மேயும் ஆப்கள் பெருகியதால்தான் 2019 தொடக்கத்தில் இருந்து கூகுள் பிளே ஸ்டோர் இந்த அனுமதிக்குக் கட்டுப்பாடு வைத்தது. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து இறக்கிய ஆப்புக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை. பத்து எம்பியை மிச்சம் பிடிக்க வங்கிச் சாவியை ஊர் பேர் தெரியாதவனிடம் கொடுக்க வேண்டியதில்லை.

இனிமேல் சேராமல் இருக்க, கூகுள் மெசேஜஸ் செட்டிங்ஸில் ‘மெசேஜ் ஆர்கனைசேஷன்’ என்று இருந்தால் அதில் ஓடிபிகளை 24 மணி நேரத்தில் தானாக அழிக்கும் வசதி இருக்கும், போட்டுவிடுங்கள். விளம்பரம் குறைய 1909-க்கு ‘ஸ்டார்ட் 0’ என்று ஆங்கிலத்தில் அடித்து அனுப்பலாம். மெசேஜ் ஆப்பில் ஆர்சிஎஸ் என்ற, இணையம் வழியாகப் போகும் மெசேஜ் முறை ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் கணக்கு மாறும். அதில் படமும் வீடியோவும் வரும், இடமும் நிஜமாகவே போகும். தானாக டவுன்லோடு ஆவதை ஆர்சிஎஸ் செட்டிங்ஸில் நிறுத்தலாம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் இதேபோல் கணக்கு மாறும். ஐமெசேஜில் படமும் வீடியோவும் போய்வருவதால் அங்கே ‘மெசேஜஸ்’ பல ஜிபி எடுப்பது சகஜம். செட்டிங்ஸில் ‘ஜெனரல்’, ‘ஐபோன் ஸ்டோரேஜ்’, ‘மெசேஜஸ்’ போனால் பெரிய இணைப்புகளைப் பார்த்து அழிக்கலாம், உரையாடலின் எழுத்து அப்படியே இருக்கும். ‘கீப் மெசேஜஸ்’ என்பதில் 30 நாள், ஒரு வருடம், எப்போதும் என்று மூன்று தேர்வு உண்டு. 30 நாளைத் தொட்டுவிட்டால் அதற்கு முந்தையது மொத்தமும் போய்விடும், மேலே சொன்ன வங்கி மெசேஜும் சேர்த்து. ஐஓஎஸ் 16 முதல் அழித்தவை ‘ரீசன்ட்லி டெலிட்டட்’ பகுதியில் குறைந்தது 30 நாள் இருக்கும், அதையும் காலி செய்தால்தான் இடம் திரும்பும். ஐகிளவுடில் மெசேஜ் சேர்த்திருந்தால் ஐபோனில் அழித்தது ஐபேடிலும் அழியும் என்பதை நினைவில் வையுங்கள்.

படமும் வீடியோவும் இல்லாத வெறும் எழுத்து மெசேஜ்தான் நிஜமான காரணம் என்று சொல்லக்கூடிய ஒரே இடம் பட்டன் போன். வீட்டில் தாத்தா பாட்டி யாராவது வைத்திருந்தால் அதைக் கவனியுங்கள். அங்கே எம்பி கணக்கு கிடையாது, எண்ணிக்கைக் கணக்குதான். இத்தனை மெசேஜ் என்று ஒரு உச்சவரம்பு இருக்கும். மெசேஜ் சிம்மில் சேரும்படி அமைத்திருந்தால் இன்னும் மோசம். சிம்மில் ஒரு மெசேஜுக்கு 176 பைட் கொண்ட ஒரு கட்டம், அப்படிச் சில கட்டங்கள்தான் இருக்கும். நீளமான தமிழ் மெசேஜ் ஒன்றே இரண்டு மூன்று கட்டத்தை அடைத்துக்கொள்ளும். நிரம்பியதும் ரேஷன் கடை மெசேஜும் சிலிண்டர் எண்ணும் வராது, மூலையில் ஓர் உறை மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். மெசேஜ் மெனுவில் சேமிக்கும் இடத்தைச் சிம்மில் இருந்து போனுக்கு மாற்றிவிட்டு, இன்பாக்ஸையும் அனுப்பியவையையும் காலி செய்தால் தீர்ந்தது.

மறுபடியும் அம்மாவின் போனுக்கு வருகிறேன். இவ்வளவும் செய்து இடம் இருந்தும் ஓடிபி வரவில்லை என்றால் காரணம் ஸ்டோரேஜ் இல்லை. ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஸ்பாம் பகுதியில் விழுந்திருக்கிறதா பாருங்கள். சிம்மை இப்போதுதான் மாற்றினீர்கள் என்றால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை 2022 இறுதியில் கொண்டுவந்த ஏற்பாடு அது. 1909-இல் எல்லாவற்றையும் தடுத்திருந்தாலும் வங்கி ஓடிபி தடுக்கப்படாது, அதைச் சந்தேகிக்க வேண்டாம். இதற்கும் மசியாவிட்டால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுப் பாருங்கள். அங்கே வந்தால் அம்மாவின் போனில் கோளாறு, அங்கேயும் வராவிட்டால் டெலிகாம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணை அழைப்பதுதான் வழி.